கழியின் இளமையும் நீரின் ஓட்டமும்

நெய்தற்றிணைச் செய்யுட்களைப் பயிலுங்கால் ‘கழி’ என்னுஞ் சொல்லைப் பலகாலுங் காண்கின்றோம். உரைகாரர் கூறும் பொருளளவில் அமைந்து மேற்செல்கின்றோம். அக்கழி எங்ஙனந் தோன்றிற்று, அதன்கண் நீர் எவ்வாறு புகுந்து மீள்கின்றது, காலஞ் செல்லச்செல்ல அவ்வியக்கம் எங்ஙனம் வேறுபடுகின்றது என்பவற்றை ஒருசிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குச் சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டு ஏரி தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

ஏரி என வழங்கினும் அஃது ஏரியன்று. கடலொடு தொடர்புடைய உவர்நீர்க் கழியே. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் இவ்வகையுட் பெரியது இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டைச் சார்ந்தது, தென்பகுதியே தமிழ்நாட்டினது. ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி என்பன இதற்கு நன்னீர் கொணர்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிக்கோட்டை என்னும் நெடிய மணற்றீவு இதனை வங்கக் கடலினின்றும் பிரிக்கின்றது.

இம்மணற்றிட்டு என்றும் இருந்ததன்று. சில ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர் இவ்விடம் கடலின் உட்குடாவாய் இருந்தது. அலை தடையின்றி உலாவிற்று. கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் மணலைச் சுமந்து வந்து குவித்தது. திட்டு இளமையாய் இருந்தவரை அலைகள் அதன்மேலேறி உட்புறஞ் சென்றன. பின்னர் அடும்பும் இராவணன் மீசையும் படர்ந்தன. காற்றிற் பறந்த மணல் அவற்றின் தண்டுகளில் தங்கி மேடாயிற்று. அலை அதனைக் கடத்தல் அரிதாயிற்று. சங்கப் புலவர் அழகு கண்டு போற்றிய அடும்பு, மணலைக் கட்டும் தொழிலுஞ் செய்கின்றது என்பதை அறியுங்கால் வியப்புண்டாகின்றது.

மழைநீரின் வழியும் மாறுகின்றது. ஜெர்மனியில் கொட்பஸ் நகரினருகே, நிலக்கரி அகழ்ந்த இடத்தில், 2005-ஆம் ஆண்டில் 6 ஹெக்டேர் அளவில் வெறுநிலம் ஒன்றை அமைத்து அறிஞர் நோக்கிவந்தனர். முதலாண்டுகளில் மழைநீர் மேலோடி நிலத்தை அறுத்தது. செடிகள் பெருகியபின் ஒரு பங்கு வேர்வழி ஏறி ஆவியாயிற்று. மணற்றிட்டில் நீர் மேலோடுதல் குறைவு. ஆயினும் உள்ளிறங்கி, உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் நன்னீரில் ஒரு பங்கை இங்கும் வேர்கள் கொள்ளுகின்றன.

இனி முகத்துவாரத்தைக் கருதுவோம். திட்டு உயர்ந்தபின் கடல்நீர் சில குறுகிய வாயில்களாலேயே புகவேண்டியதாயிற்று. குறுகிய வழியில் விரைந்தோடும் நீர், கடல் கொணரும் மணலைத் தானே அரித்து வெளியேற்றுகின்றது. அவ்விரைவோ, ஒவ்வோர் ஓதத்திலும் ஏரியுட் புகுந்து மீளும் நீரின் அளவைப் பொறுத்தது. ஆறுகள் வண்டலைக் கொணர, ஏரி ஆழங் குறைகின்றது; இன்று அதன் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டரே. கொள்ளும் நீர் குறைய ஓட்டந் தளர்கின்றது. ஓட்டந் தளர மணல் தங்குகின்றது. வாயில் மேலும் குறுகுகின்றது. கோடையில் அது அடைபடுவதும் உண்டு. அப்பொழுது தேங்கிய நீர் வெயிலில் வற்றிக் கடலினும் மிகுந்த உப்புடையதாகின்றது. ஐப்பசி கார்த்திகை வெள்ளம் வந்து உடைத்தாலன்றி வழி எளிதில் திறப்பதில்லை.

இஃது ஏட்டுப் பொருளன்று. கோட்டைக்குப்பத்தார்க்கு உணவுப் பொருள். இறால் கடலிற் பிறந்து, குஞ்சாய் ஓதத்தோடு ஏரியுட் புகுந்து, வளர்ந்தபின் கடலை நாடி மீளும் இயல்பினது. அங்ஙனம் மீளும் வழியிற் கம்புகளை ஊன்றி வலைகட்டுதலே அவர்தம் தொழில். முகத்துவாரத்தை அடுத்த இடங்கள் சிறந்தன ஆதலின், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் என்னும் மூன்று ஊராரும் முறைவைத்து மீன்பிடிக்கின்றனர். இம்முறைக்குப் ‘பாடு’ என்று பெயர். உழைப்பின் துன்பத்தையும் அச்சொல்லே குறித்தல் நோக்கத்தக்கது. எத்துணை நேர்மையாக முறை வகுப்பினும், வாயில் அடைபட்டால் பகிர்தற்குப் பொருளில்லை.

மனிதர் கைகொடுத்து ஓட்டத்தை மீட்ட இடமும் தமிழ்நாட்டில் உண்டு. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் முற்காலத்தே கண்டற்காடுகளைப் பகுதி பகுதியாக முழுதும் வெட்டினர். வெயில்பட்ட மண் தாழ்ந்து பள்ளமாயிற்று, புகுந்த ஓதநீர் மீளாது நின்று வற்றி உப்பை விட்டது, கன்றுகள் முளைத்தில. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் மீன்முள் வடிவிற் கால்வாய்கள் வெட்டி ஓதத்தை வரவும் மீளவுஞ் செய்து, வெண்கண்டற் கன்றுகளை நட்டனர். காடு தழைத்தது. தழைத்த காட்டின் வேர்களோ ஓட்டத்தைத் தடுத்துச் சேற்றைப் படியவைக்கின்றன. ஆதலின் அக்கால்வாய்களை இடையிடையே தூர்வாருதலும் வேண்டப்படுகின்றது.

பழவேற்காட்டிலும் முகத்துவாரத்து மணலை ஒருமுறை அகற்றுதல் போதாதென்றே தோன்றுகின்றது. கரையோர நீரோட்டம் மணலைக் கொணர்தல் நிற்பதன்று. ஆறுகளின் வெள்ளம் இடையே தடையுறாது வந்து சேர்தலும், ஏரியின் ஆழம் மேலுங் குறையாது காத்தலும் அதனோடு கூடவே செய்யத்தக்கன. அவ்விரண்டுமே வாயிலைத் தாமாகத் திறந்துவைக்கும் விசையாம்.