பெரிய சனிக்கிழமையைச் சும்மா விடு

சேசு மரி சூசை துணை
செம்மநத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. உன் தவக்காலத் திட்டத்தை வாட்ஸ்அப்பில் படித்தேன். தினமும் ஒருசந்தி, வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, பாடகர் குழு ஒத்திகை, பெரிய வாரத்தில் பாதயாத்திரை, சனிக்கிழமை கோயில் அலங்காரம். படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்க்கிற பெண் நீ. இதில் ஜெபிக்கிற நேரம் எது என்று தேடினேன், அகப்படவில்லை. உன் பக்தியைக் குறை சொல்லவில்லை கண்ணு. வேலை பார்த்தே பழகிய கை சாமியிடம் போனாலும் வேலைதான் தேடும்.

ஒருசந்தியை முதலில் முடித்துவிடுகிறேன். 1966-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் சட்டத்தைத் தளர்த்திய பிறகு திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும்தான் கடமையான நாட்கள். மற்ற நாளெல்லாம் வயிற்றைக் காயப்போட்டுவிட்டு வார்டில் நின்று ஊசி போடச் சொல்லி திருச்சபை உன்னைக் கேட்கவில்லை. சாப்பிடு. பகலில் தூங்கு.

நான் சொல்ல வந்தது பெரிய சனிக்கிழமையைப் பற்றி. அன்று பகல் முழுக்கப் பூசை கிடையாது. பீடத்தில் துணிகூட இருக்காது. வியாழன் இரவு ‘உன்னதங்களிலே’ பாடியதோடு நின்ற மணி, சனி இரவு ஈஸ்டர் திருவிழிப்பில் மறுபடி அதே பாட்டுக்குத்தான் அடிக்கும். உன் பாட்டி காலத்தில் இப்படி இல்லை. சனிக்கிழமை காலையிலேயே திருவிழிப்புச் சடங்கு, அல்லேலூயா எல்லாம் முடிந்துவிடும். பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல் சோதனையாகவும், 1955-இல் சட்டமாகவும் அதை இரவுக்குக் கொண்டுபோனார். அப்படித்தான் அந்தப் பகல் மறுபடி வெறுமையாகக் கிடைத்தது. கிடைத்ததை நாம் என்ன செய்தோம்? சீரியல் விளக்கு கட்டுகிறோம், மைக் டெஸ்ட் பண்ணுகிறோம், கறிக்கடையில் வரிசையில் நிற்கிறோம். எனக்கு இதில் கொஞ்சம் கோபம்கூட உண்டு.

லூக்காவை எடுத்து, ஆண்டவரை அடக்கம் செய்த இடத்தைப் பார். கலிலேயாவிலிருந்து வந்த பெண்கள் கல்லறையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் வாசனைப் பொருள்களைத் தயார் செய்கிறார்கள். அவ்வளவு துக்கத்திலும், அவ்வளவு வேலை பாக்கி இருந்தும், ஓய்வுநாள் வந்ததும் உட்கார்ந்துவிடுகிறார்கள். கையில் நறுமணத் தைலம் இருக்கிறது, போகவில்லை. அந்த ஒரு நாளை அவர்கள் எப்படிக் கடத்தியிருப்பார்கள் என்று நினைத்துப் பார். என்னைக் கேட்டால் அதுவே ஒரு நல்ல தியானம்.

இங்கே ஏற்காட்டு மலையில் காப்பிச் செடிக்கும் இப்படிச் சும்மா கிடக்கிற ஒரு காலம் உண்டு. பழம் பறித்து முடிந்ததும் கவாத்து செய்து காயவிடுவோம். மொட்டுகள் கணுவில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அந்த வறட்சி செடிக்கு வேண்டும். நடுவில் விட்டுவிட்டுத் தூறினால் பூ முன்னும் பின்னுமாக வரும், பழமும் அப்படியே பழுக்கும், பறிக்கிறவளுக்குத்தான் நாலு நடை. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகிவிடும்.

பறிக்கிறவள் என்றதும் ஞாபகம் வருகிறது. ஓய்வுநாள் கட்டளையில் வேலைக்காரன், வேலைக்காரி, வண்டி இழுக்கிற மாடுவரை சேர்த்திருக்கிறது. நாள்கூலிக்கு லீவு என்றால் பட்டினி. உன் அறையில் பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவுக்கு வெள்ளியும் சனியும் கூலியோடு லீவு கொடு. நீ மட்டும் மலைக்கு வந்து ஓய்வெடுத்தால் அது பாதிதான்.

ஜெபத்துக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். மாற்குவில் 14, 15 அதிகாரங்கள், ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். வாசித்துவிட்டு ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள்: பேதுருவோ, சிலுவை சுமந்த சீரேனே ஊர் சீமோனோ. அவர்கூடவே இரு. தூக்கம் வந்தால் தூங்கு. ஜெபத்தில் தூங்கிப்போவதைப் பற்றிக் குழந்தை தெரேசம்மாளே எழுதியிருக்கிறாள். தூங்குகிற பிள்ளையையும் பெற்றோருக்குப் பிடிக்கும்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டவள் அவள். 1925-இல் அவளுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள், தூங்கினாள் என்று யாரும் தடுக்கவில்லை.

பெரிய வாரத்தில் டியூட்டி விழுந்தால் மனம் நோகாமல் போ. ஓய்வுநாளில் நோயாளியைத் தொட்டதற்காக ஆண்டவரே ஏச்சு வாங்கினார். ஆனால் அந்த ஓய்வைக் கடனாக எழுதிவைத்துக்கொண்டு அடுத்த வாரமே எடுத்துவிடு.

லீவு கிடைத்தால் வியாழன் காலையிலேயே சேலத்தில் பஸ் ஏறு. வெள்ளி விடுமுறை என்று ஊரே கார் எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்குக் கிளம்பும். 20 கொண்டை ஊசி வளைவிலும் நின்று நின்றுதான் வரவேண்டியிருக்கும். வியாழன் இரவு ஆராதனைக்குச் சேர்ந்து போகலாம். சனிக்கிழமை உன்னை எதற்கும் கூப்பிட மாட்டேன். ஈஸ்டர் கறிக்கு மாமாவிடம் முன்கூட்டியே சொல்லியாயிற்று. ஸ்வெட்டர் மறக்காதே, திருவிழிப்பு முடிந்து வெளியே வரும்போது குளிரும். கேக் வாங்கி வராதே, இங்கே தின்ன ஆளில்லை.

அன்புடன்,
அத்தை