தேங்காயெண்ணெயும் இல்லத்துச் சோப்பும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் தேங்காயெண்ணெயும் சீயக்காயும் எளிதில் கிடைக்கும் பண்டங்கள். முன்னது சமையலுக்கும் தலைக்கும் பயன்படுவதோடு சோப்பு செய்வதற்கும் ஏற்றது. மலபார் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், 1914ஆம் ஆண்டிலேயே, கோழிக்கோட்டில் கேரள சோப்பு நிலையம் தோன்றியது. இந்நாளில் பலர் தம் இல்லத்திலேயே சோப்பு செய்ய முற்படுகின்றனர். இம்முயற்சி பாராட்டத்தக்கதே. ஆயினும் இதற்கு வேண்டிய காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் எரிக்க வல்லதாதலின், முறையறிந்தே இதில் இறங்குதல் வேண்டும்.

சோப்பாதல்

எண்ணெய் என்பது கிளிசரினோடு கொழுப்பு அமிலங்கள் கூடிய பொருள் என்னும் உண்மையைப் பிரெஞ்சு ரசாயன அறிஞர் செவ்ரல் 1823ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். காரம் சேருங்கால் அக்கூட்டு பிரிகிறது. அமிலம் காரத்தோடு கூடிச் சோப்பாகிறது. கிளிசரின் தனித்து நிற்கிறது. தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலமாகும். இதன் சோப்பு கடினமானது, மிகுதியாக நுரைப்பது, கடல் நீரிலும் நுரை தருவது.

எடையே காப்பு

எல்லா எண்ணெய்க்கும் ஒரே அளவு காரம் போதும் என்று எண்ணுவது பெரும் பிழை. 1 கிலோ தேங்காயெண்ணெய் முழுதும் சோப்பாக ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நல்லெண்ணெய்க்கு ஏறத்தாழ 134 கிராமும், ஆமணக்கெண்ணெய்க்கு 128 கிராமும் போதும். 500 கிராம் தேங்காயெண்ணெய்க்கு உரிய 87 கிராம் காரத்தை அதே எடை நல்லெண்ணெயில் இட்டால், ஏறத்தாழ 20 கிராம் காரம் வினைப்படாது எஞ்சும். பார்வைக்கு நல்ல சோப்பே போலிருக்கும் அக்கட்டி குழந்தையின் மேனியைப் புண்ணாக்கிவிடும். ஆதலால் கரண்டியாலும் கிண்ணத்தாலும் அளவாமல், தராசில் நிறுத்தே சேர்த்தல் வேண்டும்.

செய்முறை

தேங்காயெண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 87 கிராம், தூய நீர் 180 கிராம். காரம் தேவையினும் நூற்றுக்கு 5 பங்கு குறைக்கப்பட்டுள்ளது. எஞ்சும் சிறிதளவு எண்ணெய் தோலின் வறட்சியைக் குறைக்கும். கண்ணாடியும் ரப்பர் உறையும் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில், காரத்தைச் சிறிது சிறிதாக நீரில் இடுக. நீரைக் காரத்தின் மேல் ஊற்றுதல் ஒருபோதும் கூடாது. எழும் வெப்பத்தால் கரைசல் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரிக்குமாகையால் எவர்சில்வர் பாத்திரமே உகந்தது. கரைசலும் எண்ணெயும் ஏறத்தாழ 40 பாகை வெப்பத்திற்கு வந்தபின், கரைசலை எண்ணெயில் ஊற்றிக் கூழ்போல் தடிக்கும்வரை கலக்கி அச்சில் வார்க்க வேண்டும். இறுகியதும், உடையுமளவு கெட்டிப்படுமுன், உறையணிந்தே துண்டுகளாக்கி, 4 வாரம் உலரவிடுக. காரம் உடலிற் பட்டால் உடனே ஓடும் நீரில் 20 நிமிடமேனும் கழுவுதல் வேண்டும். கண்ணிற் பட்டால், அவ்வாறு கழுவியபின் தாமதமின்றி மருத்துவரை நாடவேண்டும். காரத்தை இறுக மூடி, பெயரெழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பது இன்றியமையாதது.

கூந்தலுக்கு உரியது எது?

மேனிக்கு உகந்த சோப்பு கூந்தலுக்கும் உகந்ததென்று கொள்ளலாகாது. சோப்பு நீர் காரத்தன்மையுடையது. மயிரின் மேற்பரப்போ சிறிது அமிலத்தன்மையுடையது. காரத்தால் மயிரின் மேற்செதில்கள் விரிந்து சொரசொரப்பு உண்டாகிறது. கிணற்று நீர் கடினமாயின், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு கூடிக் கரையாத படிவாகித் தலையில் ஒட்டுகிறது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சபோனின் என்னும் பொருள் இத்தகைய படிவை உண்டாக்காமலே நுரைத்து அழுக்கை அகற்றுகிறது. கேரளத்தில் செம்பருத்தி இலையைக் கசக்கி எடுக்கும் தாளியும் இவ்வாறே தலைமுழுகப் பயன்படுகிறது. சீயக்காய்த் தூள் கண்ணில் விழுந்தால் எரிச்சல் தருமாதலின், ஊறவைத்து வடித்த சாறே நல்லது.

முழுகுமுன் எண்ணெய் தேய்க்கும் பழக்கத்திற்கும் ஆதாரமுண்டு. 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தேங்காயெண்ணெய் மயிரின் புரத இழப்பைக் குறைப்பதும், சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் அப்பயன் இன்மையும் காணப்பட்டன. லாரிக் அமிலக் கொழுப்பு மயிரினுள் ஊடுருவ வல்லது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

எனவே, ஒரே தேங்காயெண்ணெய் மேனிக்குச் சோப்பாகவும் கூந்தலுக்கு எண்ணெயாகவும் பயன் தரும். முன்னதைச் செய்யத் தராசு இன்றியமையாதது. பின்னதற்கு உள்ளங்கை அளவே போதும்.