வேகமெடுக்கையில் வண்டி நடுங்கினால்

காக்ஸ் டவுன் வீலர் ரோட்டு நெரிசலில் ஊர்ந்தவரை சாதுவாயிருந்த கார், மேம்பாலம் ஏற ஆக்ஸிலேட்டரை மிதித்த க்ஷணமே ஜுரம் கண்டவன்போல் நடுங்குமாயின், எடுத்த எடுப்பில் டயர்மீது பழிபோடுதல் நியாயமன்று. பலரும் முதலில் அதற்கே பணம் அழுகிறார்கள். மிதியை விட்டதும் நடுக்கம் அடங்கினால், முன்சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸிலின் உட்புற ஜாயின்ட் தேய்ந்திருப்பதே பெரும்பாலும் காரணமாகையால், கியர்பாக்ஸ் பக்கம் குனிந்து, ரப்பர் உறை கிழிந்து சுற்றிலும் கிரீஸ் சிதறியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி ரகசியம் வெளிப்பட்டுவிடும். எஞ்சின் மவுண்டின் ரப்பர் வெடித்திருப்பதும் உண்டு. மிதித்தாலும் விட்டாலும் 80 கிலோமீட்டர் வேகத்தையொட்டி ஸ்டியரிங் அதிர்ந்தால்தான் வீல் பாலன்சிங்கைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் விளக்கு கண்சிமிட்ட வண்டி திக்கித்திணறுமாயின், ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் பரீக்ஷிக்காமல் தொடர்ந்து ஓட்டுவது, விலையுயர்ந்த கேடலிட்டிக் கன்வர்ட்டரை நாமே தீய்த்துக்கொள்வதாகும்.