மஞ்சள் டப்பா காலி!

கேள்வி: ஏழாவது படிக்கும் என் மகளுக்கு இந்த வாரம் அறிவியலில் அமிலம், காரம் பாடமாம். வீட்டு மஞ்சள் தூளும் செம்பருத்திப் பூவும் காலி. இது படிப்பா, விளையாட்டா? - ஒரு வாசகி, திருச்சி

பதில்: படிப்புதான் அம்மா, டப்பாவை ஒளித்து வைக்காதீர்கள். வெள்ளைச் சட்டையில் சிந்திய சாம்பார் கறை, சோப்பு பட்டதும் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தைத் தொட்டால் நிறம் மாறும். சோப்பு ஒரு காரம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீர் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதும் இதனால்தான். அதில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே இருந்தால் மறுபடி மஞ்சளாகும். (உங்கள் வீட்டுத் தரை என்னாகும் என்பதற்கு நான் பொறுப்பல்ல.)

மஞ்சளுக்கு ஒரு குறை உண்டு: அமிலத்தில் அசையாது, மஞ்சளாகவே இருக்கும். அதனால்தான் செம்பருத்தியும் தேவைப்பட்டிருக்கிறது. அந்தப் பூவின் சாறு புளித்தண்ணீரில் இளஞ்சிவப்பாகும், சோப்புத் தண்ணீரில் பச்சையாகும். அயர்லாந்தில் பிறந்த விஞ்ஞானி ராபர்ட் பாயில் வயலட் பூச்சாற்றை வைத்து இதே ஆட்டத்தை ஆடி, 1664-ல் புத்தகமாகவே எழுதினார். பள்ளி ஆய்வகத்து லிட்மஸ் தாளின் சாயமும் லைக்கன் என்ற சிற்றுயிரிலிருந்து வந்ததுதான்.

கழிவறை கழுவும் திரவத்தை மட்டும் அவள் கைக்கு எட்டவிடாதீர்கள். அது வீரியமான அமிலம். சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைத் தண்ணீரில் இரண்டு சாறுமே ஏன் நிறம் மாறவில்லை என்று இன்றிரவு அவளிடம் கேட்டுப் பாருங்கள்.