பழுது எங்கே இருக்கிறது?

வீட்டில் இணையம் நின்றுவிட்டால் ரூட்டரை அணைத்துப் போடுகிறோம். சில வேளை அது பலிக்கும். ஆனால் பழுது எங்கே என்று நமக்குத் தெரியாமலே போகும். படிப்படியாகத் தேடுவதே முறை.

முதலில் கம்பியைப் பார்ப்போம். அதைச் செருகிய இடத்தில் விளக்கு எரியவில்லையெனில் வேறு கம்பியைப் போட்டுப் பார்க்கலாம். அடுத்தது கணினியின் முகவரி. அது 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் முகவரி தராததால் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். முகவரி சரியாயிருந்தால் 'பிங்' கட்டளையால் ரூட்டரையும், பின் வெளியே 8.8.8.8 என்ற எண்ணையும் அழைப்போம். எண் பதில் தந்தும் தளத்தின் பெயர் திறக்காவிட்டால், பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். சேவையை ஐயுறலாம்.

எங்கள் அனுபவம் ஒன்று. கண்காட்சிக்காக, கணினிக்குள் இயங்கும் மெய்நிகர் கணினியில் வினாடி வினாப் பக்கம் ஒன்றை அமைத்தோம். இரண்டு நாளே இருக்கையில், பக்கத்துக் கணினியில் அது திறக்கவில்லை. ரூட்டரைக் குறை கூறி ஒரு மாலை முழுவதையும் வீணாக்கினோம். பிறகுதான் முகவரியைப் பார்த்தோம்: 10.0.2.15. வர்ச்சுவல்பாக்ஸ் தன் 'நாட்' முறையில் வழக்கமாகத் தரும் முகவரி அது. அம்முறையில் உள்ளிருந்து வெளியே போகலாம். நாமே வழி திறந்துவிட்டாலன்றி வெளியிலிருந்து உள்ளே வர இயலாது. 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றினோம். ரூட்டரே 192.168 என்று தொடங்கும் முகவரியைத் தந்தது, பக்கமும் திறந்தது.

ரூட்டர் மீது குற்றமில்லை. பார்க்காமல் பழித்தது நாங்களே. ஆகவே தோழியரே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவோம். மாற்றியதை ஏட்டில் குறித்து வைப்போம்.