ரிவர்ஸும் போச்சு, இரண்டாம் கியரும் போச்சு

கேள்வி: என்னிடம் 2002 செவர்லே சில்வராடோ 1500 பிக்கப் இருக்கிறது. 5.3 லிட்டர் எஞ்சின், ஆட்டோமேட்டிக், 1,80,000 மைல் ஓடிவிட்டது. அவ்வப்போது டிரெய்லர் இழுப்பேன். போன வாரம் பார்க்கிங்கிலிருந்து பின்னால் எடுக்கும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம். அதோடு ரிவர்ஸ் போய்விட்டது. முன்னால் போகிறது. ஆனால் முதல் கியரிலேயே எஞ்சின் அலறிக்கொண்டு போய், பிறகு சட்டென்று மேல் கியருக்குத் தாவுகிறது. ஹைவேயில் எஞ்சின் முன்பைவிட வேகமாகச் சுற்றுகிறது. ஆயில் சிவப்பாகத்தான் இருக்கிறது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினால் போதும் என்கிறார் மச்சான். கியர் பெட்டியையே மாற்றச் சொல்கிறார்கள் பட்டறையில். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், சான் அன்டோனியோ, டெக்சாஸ்

பதில்: ஆயிலுக்குக் காசு செலவழிக்காதீர்கள். உங்கள் பெட்டிக்குள் சன் ஷெல் உடைந்திருக்கிறது என்பதே என் கணிப்பு. எந்தக் கியர் இருக்கிறது, எந்தக் கியர் இல்லை என்பதை நீங்களே தெளிவாக எழுதிவிட்டதால், பெட்டியைத் திறக்காமலே இவ்வளவு தூரம் சொல்ல முடிகிறது.

உங்கள் வண்டியில் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60-ஈ. 1982 மாடல் வண்டிகளில் வந்த 700ஆர்4 பெட்டியின் வாரிசு; 1993 முதல் கியர் மாற்றும் வேலையை கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். உள்ளே சன் ஷெல் என்று ஓர் எஃகுப் பாகம் இருக்கிறது, அடியில் ஓட்டை போட்ட கிண்ணம் மாதிரி. அந்த ஓட்டையைச் சுற்றியுள்ள பற்கள் பின்பக்க சன் கியரைக் கவ்விப் பிடித்திருக்கும். ரிவர்ஸில் ஒரு கிளட்ச் இந்தக் கிண்ணத்தைச் சுற்றிவிடும். இரண்டாம், நான்காம் கியர்களில் ஒரு பேண்ட் இதைச் சுற்ற விடாமல் பிடித்து நிறுத்தும். ஒன்றுக்கும் மூன்றுக்கும் இதன் உதவியே வேண்டாம்.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கிண்ணத்தின் கழுத்து விரிந்தாலோ பற்கள் மழுங்கினாலோ ரிவர்ஸ், இரண்டு, நான்கு ஆகிய மூன்று கியர்களும் ஒரே நேரத்தில் போகும். கம்ப்யூட்டர் இரண்டாம் கியரைக் கேட்கும்போது வண்டி முதல் கியரிலேயே இருக்கும். அதுதான் நீங்கள் கேட்கும் அலறல். பிறகு தாவுவது மூன்றாம் கியருக்கு. நான்கு விழாததால் ஹைவேயிலும் மூன்றிலேயே ஓடுகிறது. ஆயில் சிவப்பாக இருப்பதிலும் ஆச்சரியமில்லை. இங்கே உடைந்தது எஃகு. கிளட்ச் தட்டு எதுவும் கருகவில்லை.

இதே பெட்டியில் வேறு கோளாறு வந்தால் அடையாளமும் வேறாக இருக்கும். இரண்டும் நான்கும் போய் ரிவர்ஸ் மட்டும் நன்றாக இருந்தால் ஷெல்லை விட்டுவிட்டு பேண்டையும் அதை இயக்கும் சர்வோவையும் பார்க்க வேண்டும். ரிவர்ஸ் மட்டும் போயிருந்தால் லீவரை 1-ல் வைத்து மெதுவாக ஓட்டி ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காமல் சும்மா உருண்டால் லோ-ரிவர்ஸ் கிளட்ச் போயிருக்கிறது. ஒன்றும் இரண்டும் ஒழுங்காக விழுந்து, மூன்றுக்குப் போகும்போது எஞ்சின் மட்டும் சீறினால் 3-4 கிளட்ச். டிரெய்லர் இழுக்கும் வண்டிகளில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். அப்போது ஆயில் பழுப்பேறித் தீய்ந்த வாடை அடிக்கும். வண்டி மூன்றாம் கியரிலேயே கிளம்பி, ரிவர்ஸ் முரட்டுத்தனமாக விழுந்தால் பெட்டியில் கை வைக்கும் முன் ஃபியூஸையும் வயர் கனெக்டரையும் பாருங்கள். மின்சாரம் வராதபோது இந்தப் பெட்டி மூன்றில்தான் நிற்கும். ஒரு ஃபியூஸ் போனதற்காக முழுப் பெட்டியையும் மாற்றுவது கொடுமை.

டிரைவர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி கோட் படித்துக்கொள்ளுங்கள். ஆயில் அளவைப் பார்க்கும்போது வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், எஞ்சின் சூடாக ஐடிலில் ஓட வேண்டும், லீவர் பார்க்கில் இருக்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். டிப்ஸ்டிக்கை வெள்ளைக் காகிதத்தில் துடைத்தால் நிறம் தெளிவாகத் தெரியும். அடுத்து பெட்டியின் அடியிலுள்ள ஆயில் பானைக் கழற்றச் சொல்லி நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். அதனுள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். விரலில் நெருடுகிற எஃகுச் செதில்கள் இருந்தால் என் கணிப்புக்கு அது வலு.

மச்சான் சொல்வது நல்ல பராமரிப்பு, ஆனால் உடைந்த எஃகை ஆயில் ஒட்டவைக்காது. பானைக் கழற்றினால் இறங்குவதும் ஏறக்குறைய 5 குவார்ட்தான். டார்க் கன்வர்ட்டரோடு சேர்த்து மொத்தம் 11 குவார்ட் பிடிக்கும்.

பட்டறைக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஷெல் விலை குறைவுதான், ஆனால் அதை எடுக்க முழுப் பெட்டியையும் இறக்கி, பம்பிலிருந்து டிரம்கள் வரை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். அவ்வளவு தூரம் திறந்தபின் பழைய 3-4 கிளட்சையும் இறுகிப்போன சீல்களையும் அப்படியே வைத்து மூடுவது முட்டாள்தனம். ஆகவே ரீபில்ட் செய்யச் சொல்லுங்கள்: வலுவூட்டிய புது ஷெல், புது கிளட்ச்கள், பேண்ட், சீல்கள், டார்க் கன்வர்ட்டர். இவற்றை ஒவ்வொன்றாக எஸ்டிமேட்டில் எழுதி வாங்குங்கள். பழைய வண்டிகளைப் பிரிக்கும் யார்டிலிருந்து ஒரு பெட்டியை மலிவாக எடுத்து மாட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதே காலத்துப் பெட்டிக்குள் அதே ஷெல்தான் இருக்கும், அதுவும் எத்தனை மைல் உழைத்ததென்று தெரியாமல்.

இன்னொன்றை வற்புறுத்திக் கேளுங்கள். உடைந்த துகள்கள் ஆயிலோடு போய் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரில் தங்கியிருக்கும். கூலரையும் குழாய்களையும் சுத்தமாகக் கழுவ வேண்டும், முடியாவிட்டால் மாற்ற வேண்டும். இதை விட்டால் புதுப் பெட்டியைச் சில மாதத்திலேயே பழைய துகள் தின்றுவிடும். ரீபில்ட் முடியும்வரை டிரெய்லர் மாட்டாதீர்கள். ஒன்றும் மூன்றும் ஓடுகிறதே என்று வேலைக்கு எடுத்துப் போகவும் வேண்டாம்; டோ டிரக்கில் ஏற்றியே பட்டறைக்கு அனுப்புங்கள்.