எண்ணின் குறியும் கணிப்பொறியின் நெறியும்

ஓர் எண்ணுக்கு அளவு, குறி என இரு கூறுகள் உண்டு. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் மிகை எண்ணைச் செல்வமாகவும் குறை எண்ணைக் கடனாகவும் கொண்டு, அவற்றைக் கூட்டவும் பெருக்கவும் விதிகள் வகுத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல் குவாரிஸ்மி, குறை எண் கெழுக்கள் வாராதவாறு சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்துத் தீர்வு கண்டார். அவர் பெயரினின்று பிறந்ததே 'அல்காரிதம்' என்னும் சொல். அவ்வாறு வகைகளையும் இன்று ஒரே வாய்பாட்டில் அடக்க இயல்வது, குறை எண்ணையும் ஏற்றுக்கொண்டமையால் ஆகும். ஆயின் கணிப்பொறியில் அவ்வாய்பாட்டை இடுங்கால் குறியறிந்து இடல் வேண்டும்.

1957இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான், அறிவியல் கணக்கீட்டிற்கென எழுந்த மொழி. அதனுள் அமைந்த சார்புகளுள் மூன்று இங்குக் கருதத்தக்கன.

முதலாவது 'ஏபிஎஸ்'. இது குறியை நீக்கித் தனிமதிப்பைத் தரும். −7ஐ இட்டால் 7 கிடைக்கும்.

இரண்டாவது 'சைன்'. இது முதலெண்ணின் அளவையும் இரண்டாம் எண்ணின் குறியையும் இணைத்துத் தரும். சைன்(7, −2) என்பதன் விடை −7. சைன்(−7, 2) என்பதன் விடை 7. ஒலியால் ஒத்திருப்பினும் கோணவியலின் சைன் வேறு, இது வேறு.

மூன்றாவது 'டிம்'. இது முதலெண்ணினின்று இரண்டாவதைக் கழிக்கும். விடை குறை எண்ணாயின் சுழியத்தையே தரும். டிம்(9, 4) என்பது 5. டிம்(4, 9) என்பது 0.

இவற்றுள் சைனின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். க² + 200க + 1 = 0 என்னும் இருபடிச் சமன்பாட்டை, நான்கு முக்கிய இலக்கங்களை மட்டுமே ஏற்கும் கணிப்பொறியில் இடுவதாகக் கொள்க. தன்மைகாட்டி 40000 − 4 = 39996; அது 40000 எனத் திருத்தப்பெறும். அதன் வர்க்கமூலம் 200. எனவே ஒரு மூலம் (−200 + 200) ÷ 2, அதாவது சுழியம் என்றாகிறது. அதனைச் சமன்பாட்டில் இட்டால் 1 = 0 என்னும் பொய்யே விளையும்.

இதற்கு மாற்று யாது? வர்க்கமூலத்திற்கு நடுக்கெழுவின் குறியையே சைனால் அளித்து, இரண்டையும் கூட்டி, −2ஆல் வகுக்க −200 கிடைக்கும். ஒத்த குறியுடையவை கூடுவதால் இலக்கங்கள் அழிவதில்லை. மூலங்களின் பெருக்கற்பலன் 1 ஆதலின், 1ஐ −200ஆல் வகுக்க மற்றைய மூலம் −0.005 எனச் செவ்வனே கிட்டும்.

க² − 4 = 0 என்பதில் நடுக்கெழு சுழியம். கணிதத்தின் குறிச்சார்பு சுழியத்திற்குச் சுழியத்தையே தருவதால், அதனால் பெருக்கினால் வர்க்கமூலம் மறைந்துபோகும். சைனோ அளவை ஒருபோதும் அழிப்பதில்லை. 2, −2 என்னும் மூலங்கள் இரண்டும் கிடைக்கின்றன. குறியைப் பேணுவதே அளவைக் காக்கும் வழி என்பதை நிரல் எழுதும் மாணவர் நெஞ்சிற் கொள்வாராக.